எட்டுப் பல்லும் ஒன்பது பல்லும்

திண்டுக்கல்,
சனிக்கிழமை.

அன்பு மகள் இளவேனிலுக்கு,

நேற்று காலை நம்ம பழைய பிக்கப் எண்பது வாழைத்தாரோடு சிறுமலையில் கஸ்பார் தோட்டத்துப் பள்ளத்திலிருந்து மேட்டு ரோட்டுக்கு ஒரே மூச்சில் ஏறிவிட்டது, தோட்டம் நமக்குத்தான். இதைச் சொல்லிவிட்டுத்தான் நலம் விசாரிப்பது என்று இருந்தேன். நான் நலம், அப்பா நலம், சர்க்கரை மாத்திரையைப் போடாமலே போட்டாச்சு என்று அவர் சொல்வதும் வழக்கம்போல் நலம். நீ அந்தக் குளிரில் எப்படி இருக்கிறாய், தலைக்கு எண்ணெய் வைக்கிறாயா இல்லையா. போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் நான் வண்டி என்று வாயெடுத்தாலே "மீட்டிங் இருக்கும்மா" என்று வைத்துவிடுகிறாய். பழைய இரும்புக்கடை அக்பர் அலி பாயின் மகள் நுஸைபா நாளைக்கு உங்கள் ஊருக்கே விமானம் ஏறுகிறாள், அவள் கையில் பருப்புப்பொடியோடு இதையும் கொடுத்துவிடுகிறேன், உட்கார்ந்து முழுசாகப் படி.

கஸ்பாருக்கு மலையில் பன்னிரண்டு ஏக்கர் வாழையும் எலுமிச்சையும் இருக்கிறது, மனுஷர் நல்லவர், வாய்தான் கொஞ்சம் புளிப்பு. அவர் விளைச்சலை இதுவரை ஒட்டன்சத்திரத்து வியாபாரி ஒருவர் எடுத்துக்கொண்டிருந்தார். தோட்டத்துக் கொட்டகை பள்ளத்தில் இருக்கிறது, அங்கிருந்து ரோட்டுக்கு அரை கிலோமீட்டர் மண்ணும் பாறையுமான பாதை, தலைச்சுமையாகத் தூக்க இப்போது ஆள் வருவதில்லை. எவர் வண்டி கொட்டகை வரை வந்து முழுப்பாரத்தோடு மேலே ஏறுகிறதோ அவருக்குத்தான் தோட்டம் என்று சொல்லிவிட்டார். நம் மண்டிக்கு மலைப்பழ வரத்து குறைந்து நாலு மாதமாயிற்று என்பதை உன்னிடம் நான் மறைத்தேன், இப்போது சொல்கிறேன். அந்தத் தோட்டம் கிடைக்காமல் போயிருந்தால் நானும் இன்னொருத்தரிடம் வாங்கி விற்கும் சில்லறைக்காரியாக ஆகியிருப்பேன். நீயோ அந்த ஓட்டை வண்டியை விற்றுவிடு என்கிறாய். நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற வண்டி அது, அதை விட்டால் அந்தப் பள்ளத்துக்கு நான் எதில் போவேன்.

போன மாதம் பாறையில் இடித்துப் பின் ஆக்ஸில் வளைந்துபோனது. மெக்கானிக் இனிகோ பார்த்துவிட்டு, இதே கம்பெனி வண்டியின் வேறு ஆக்ஸில் கிடைத்தால் மாட்டிவிடலாம், ஆனால் ஒரு சங்கதி இருக்கிறது என்றான். ஆக்ஸிலுக்கு நடுவில் பெரிய பல்சக்கரம் ஒன்று, சின்னது ஒன்று, கிரௌன் பினியன் என்கிறார்கள். "அக்கா, முன்னாடி என்ன கணக்கோ அதே கணக்குதான் பின்னாடியும் இருக்கணும், இல்லாட்டி முன்சக்கரம் ஒரு வேகத்துல சுத்தும், பின்சக்கரம் ஒரு வேகத்துல சுத்தும், ரெண்டும் ஒன்னையொன்னு புடிச்சு இழுத்துக்கிட்டுச் செத்துப்போகும்" என்று விளக்கினான். நம் வண்டிக்குப் பெரியதில் நாற்பத்தொரு பல், சின்னதில் எட்டு. அவனுக்கு வேலை நெருக்கடி, நானே பாய் கடைக்குப் போனேன். ஒரு ஆக்ஸிலைப் பிரித்து வைத்திருந்தார், பெரிய சக்கரத்தில் நாற்பத்தொன்று என்று குத்தியிருந்தது, சின்னதில் இருந்த நம்பரைத் துரு தின்றுவிட்டது. விரலை வைத்து எண்ணினேன், எட்டு. எட்டுதான்டா என்று இனிகோவுக்குப் போன் போட்டேன். நம் வளைந்த ஆக்ஸிலை அங்கேயே எடைக்குப் போட்டு விலையில் கழித்துக்கொண்டு வந்தேன், எனக்கு என்னைப் பார்த்தே பெருமை.

மாட்டியதும் வண்டி ஊருக்குள் என்ன ஓட்டம் ஓடியது தெரியுமா. டிரைவர் பிரபு, "ஆத்தா, புதுமாப்பிள்ளை கணக்கா பறக்குது" என்றான். மலை ஏற்றத்தில் மட்டும் எப்போதும் போடும் கியருக்கு ஒரு கியர் குறைக்க வேண்டியிருக்கிறது என்றான், சோம்பேறி, ஒழுங்கா மிதி என்று நான்தான் அவனை ஏசினேன். செவ்வாய்க்கிழமை கொட்டகையில் எண்பது தார் ஏற்றி, நாலு சக்கர லிவரைப் போட்டுக் கிளப்பினோம். சேற்றில் நன்றாகத்தான் வந்தது. பாறை மேல் ஏறியதும் ஸ்டியரிங் கல்லாகிவிட்டது, வண்டி தவளை மாதிரி குதிக்கிறது, அடியில் கடக் கடக்கென்று சத்தம், லிவரைத் திரும்ப எடுக்கவும் முடியவில்லை. பிரபு, "இனி மிதிச்சா உள்ள எல்லாம் ஒடைஞ்சுரும் ஆத்தா" என்று நிறுத்தினான். அவன் அன்றைக்கு என் பேச்சைக் கேட்காமல் நிறுத்தியதுதான் நம்மைக் காப்பாற்றியது. எண்பது தாரையும் இறக்கிப் பின்னால் தள்ளித்தான் வண்டியை விடுவித்தோம். கஸ்பார் குடையை ஊன்றிக்கொண்டு, "என்ன ஒச்சாயி, ஒன் வண்டி முன்னாடி பழனிக்குப் போறேங்குது, பின்னாடி நத்தத்துக்குப் போறேங்குதா" என்றார். சனிக்கிழமை ஒட்டன்சத்திரத்துக்காரர் டிராக்டரோடு வருகிறார், வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் உனக்கு நேரம் என்றும் சொன்னார். உடனே இனிகோவுக்குப் போன் போட்டேன்.

இனிகோ பைக்கில் மலையேறி வந்தான். ஜாக்கி வைத்துத் தூக்கி, சாக்பீஸால் கோடு போட்டுச் சுற்றிப் பார்த்துவிட்டு, இது எட்டுப் பல் இல்லக்கா என்றான். எனக்குக் கோபம். முப்பது வருசமா எண்ணியே பொழைக்கிறவ, எனக்கு எட்டு எண்ணத் தெரியாதா என்று சத்தம் போட்டேன். அவன் பதறாமல், "எப்படி எண்ணுனீங்க, இந்தத் தாருல எண்ணிக் காட்டுங்க" என்றான். நானும் முதல் சீப்பைத் தொட்டு லாபம் என்றேன், அடுத்ததைத் தொட்டு ஒன்னு, அதற்கடுத்து ரெண்டு. அந்த இடத்திலேயே எனக்கு வாய் நின்றுவிட்டது. ஊரெல்லாம் வியாபாரிகள் எண்ணும்போது ஒன்றுக்குப் பதிலாகத்தான் லாபம் என்பார்கள். நம் கடையில் மட்டும் நான் அதைக் கணக்கில் சேர்க்காத கொசுறாக ஆக்கி, அதற்குப் பிறகுதான் ஒன்று என்று தொடங்குவேன், அப்படித்தான் வாடிக்கைகளைப் பிடித்தேன், உனக்கே தெரியும். அதே பழக்கத்தில் பினியனுக்கும் எண்ணியிருக்கிறேன், ஒன்பது பல் எட்டாகிவிட்டது. இனிகோ தரையில் உட்கார்ந்து சிரித்தான். "இரும்புக்கே கொசுறு குடுத்த ஆளு இந்த ஜில்லாவுலயே நீ ஒருத்திதான்" என்றார் கஸ்பார்.

வெட்கப்பட நேரமில்லை. நம் பழைய ஆக்ஸிலின் கூடுதான் வளைந்தது, உள்ளே பல்சக்கரங்கள் பழுதில்லை, அதை எடுத்துப் புதுக்கூட்டில் வைத்துவிடலாம் என்றான் இனிகோ. வெட்டி அனுப்பியிருப்பாரோ என்று பயந்துகொண்டே பாய் கடைக்கு ஓடினேன். மூலையில் அப்படியே கிடந்தது. என் அவசரம் அவருக்குத் தெரியும், நானாக இருந்தால் விலையை ஏற்றியிருப்பேன். அவர், "ஒங்ககிட்ட பேரம் பேசியே எனக்கு இருக்குற பல்லும் ஆடிப்போச்சுக்கா, அந்த ஒம்போதைக் குடுத்துட்டு இந்த எட்டை எடுத்துட்டுப் போங்க" என்று முடித்துவிட்டார். நுஸைபாவுக்கு அங்கே என்ன உதவி வேண்டுமானாலும் முகம் சுளிக்காமல் செய். இனிகோ அந்தக் கொட்டகையிலேயே இரண்டு பகல் உட்கார்ந்து, பல்லில் பெயிண்ட் தடவி, சுற்றி, எங்கே உரசுகிறது என்று பார்த்து, பிரித்து மறுபடி பூட்டினான். கடைசியில் முன்னும் பின்னும் தூக்கிவைத்துச் சுற்றினான், பிரபு முன்சக்கரத்தை எண்ண, நான் பின்சக்கரத்தை எண்ண, இரண்டும் ஒன்றாக வந்து நின்றபோது எனக்குக் கையைத் தட்ட வேண்டும்போல் இருந்தது, தட்டியும்விட்டேன்.

நேற்று அதே பாறை. ஸ்டியரிங் பிரபு கையில் வெண்ணெய். மேலே போய் லிவரை எடுத்தான், ஒரு விரலில் வந்துவிட்டது. நான் பின்னாலேயே ஓடி ஏறினேன், இந்த முட்டியை வைத்துக்கொண்டு. கஸ்பார் குடையை மடக்கினார்.

நீ பழைய கார் வாங்கப்போவதாகச் சொன்னாயே, பெயிண்டைப் பார்த்து மயங்காதே, அடியில் படுத்துப் பார்க்கத் தெரிந்த ஆளைக் கூட்டிப் போ, உனக்குத் தெரியும் என்று நீ நினைக்கிற விஷயத்தையும் அவனை ஒருதரம் பார்க்கச் சொல். நேரத்துக்குச் சாப்பிடு. ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் மாத்திரையைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே கேள், நீ கேட்டால்தான் பயப்படுகிறார். நோய் நொடி இல்லாமல் மகராசியாக இரு.

கஸ்பாரிடம் என்ன பேசி முடித்தாய் என்று நீ கேட்பாய். மூன்று வருடம், வாழையும் எலுமிச்சையும் முழுக்க நமக்கு. தார் ஒன்றுக்கு இருநூற்று எண்பது ரூபாய், எலுமிச்சை அன்றன்றைய சந்தை விலை. வெட்டுக்கூலி அவர், ஏற்றுக்கூலி நாம். மழை பாதையை அறுத்துவிட்டால் சரிசெய்யும் செலவு பாதிப் பாதி. வண்டி சேர்ந்தாற்போல் இரண்டு நாள் வராவிட்டால் அந்தத் தடவை வெட்டியதை அவர் யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம்.

உன் அம்மா,
ஒச்சாயி