பழப்பொடியும் ஊசியும்

இல்மரி,

ரோவனியெமியிலிருந்து நீ அனுப்பிய நீலப்பழப் பொடி இன்னொரு பெட்டி வந்து சேர்ந்தது. உன்னை என்ன சொல்லித் திட்டுவதென்றே தெரியவில்லை.

ஸெல்மா செவ்வாய்க்கிழமை பள்ளியில் வாந்தியெடுத்து மயங்கிவிட்டாள். எனக்குத் தெரியாமல் இன்சுலின் போடுவதை நிறுத்தியிருக்கிறாள். ஆஸ்பத்திரியில் கண் திறந்ததும், "அப்பாதான் சொன்னாரு, பொடி குடிச்சா உள்ள மிச்சமிருக்கிற செல்லெல்லாம் பிழைச்சுக்கும், ஊசி வேண்டாம்னு" என்றாள்.

இன்சுலின் சுரக்கும் அந்தச் செல்களை, உடலுக்குள்ளேயே உருவாகும் ஆக்சிஜன் நச்சு அரிக்காமல் காப்பதுதான் என் ஆய்வு. இந்தப் பழத்தின் சத்தைக் கொடுத்து இதுவரை எலிகளைத்தான் காப்பாற்றியிருக்கிறேன். சர்க்கரை ஏற ஏற அந்த நச்சும் ஏறும். இப்போதைக்கு ஊசிதான் மிச்சமுள்ள செல்களுக்குக் காவல். போனில் எத்தனை தடவை சொன்னேன்! "உன் எலிக்கு ஒரு நியாயம், என் பொண்ணுக்கு ஒரு நியாயமா?" என்று கத்திவிட்டு வைத்தாய்.

இப்போது தேறிவிட்டாள். ஆனால் தினமும் அவளோடு மல்லுக்கட்டித்தான் ஊசி போடுகிறேன். "அப்பா வந்து போடட்டும், அப்ப நம்புறேன்" என்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை ரயிலில் வா. ஊசி போட நர்ஸ் உனக்குக் கற்றுத்தருவார். பொடிப் பெட்டி எதுவும் வேண்டாம். மாற்றுத்துணி கொண்டுவா, ஒரே நாளில் கற்கிற வேலையில்லை இது.

உன் மகளின் அம்மா