நான் தின்ன வேண்டிய செத்த பூனை

சிவமயம்

அஜின்கோர்ட்
12.05.1996

அன்பு மகள் துர்க்காவுக்கு,

பிள்ளையாரின்ரை புண்ணியத்திலை நானும் அப்பாவும் நடமாடித் திரியிறம், லண்டன் குளிருக்கை நீயும் சுகமாய் இருக்கவேணுமெண்டு விளக்குக் கொளுத்தேக்கை கேக்கிறனான். அப்பாவின்ரை முழங்கால் நோ இப்ப பரவாயில்லை. நான் இன்னும் அந்தப் பணிஸ் சுடுற பக்ரறியிலைதான். எனக்குப் பக்கத்திலை நிக்கிற ஹொங்கொங் மனிசி செலீன், போன வெள்ளி ஆரோ பணிசைக் கருகவிட்டதுக்குத் தான் பேச்சு வாங்கிப்போட்டு வந்து, செத்த பூனை திண்டிட்டன் எண்டு சொன்னவ. எனக்கு விரதம், சிவசிவா எண்டு சோத்துப் பெட்டியை மூடிப்போட்டன். பிறகுதான் விளங்கப்படுத்தினவ, ஆரோ செய்த பிழையைத் தன்ரை தலையிலை ஏத்திறதுக்கு அவையின்ரை பாசையிலை அப்பிடித்தானாம். கோவத்திலை உம்மெண்டு இருந்தால் கறுத்த முகமாம், கோள் சொன்னால் முதுகிலை குத்திறதாம், உறவு முறிஞ்சால் முகத்தைத் திருப்பிறதாம். எங்கடை சனத்துக்கு நல்லாய்ப் பொருந்தும் எண்டு சிரிச்சனான். பஸ்ஸிலை வரேக்கை சிரிப்பு நிண்டிட்டுது.

மங்கையற்கரசி மாமி தன்ரை மகன் அன்புராசாவின்ரை முதல் சம்பந்தம் குழம்பினதுக்கு உன்னையெல்லோ பேசினவ, பொம்பிளை பகுதி லண்டன் எண்டபடியால் அவனுக்குச் சின்னனிலை வலிப்பு வந்ததை நீதான் சொன்னனி எண்டு. சொன்னது நான் பிள்ளை. இஞ்சை கோயிலிலை பொம்பிளையின்ரை பெரியம்மாவுக்கு, வைரவருக்கு நேந்து சுகம் வந்த புதுமையைச் சொல்லுறன் எண்டு எல்லாத்தையும் கொட்டினனான். உனக்கு அது தெரியும், தெரிஞ்சும் ரெண்டு வருசம் என்னைக் காட்டிக் குடுக்கேல்லை. நானும் வாய் திறக்கேல்லை. இப்ப அவனுக்கு ஆவணியிலை கலியாணம், உனக்கு அழைப்புக் காட் இல்லையாம்.

செலீனின்ரை ஆக்கள் பிழை செய்தால் ரெண்டு கையாலையும் தேத்தண்ணி நீட்டித்தான் மன்னிப்புக் கேப்பினமாம், மற்றவை வாங்கிக் குடிச்சால் கோவம் முடிஞ்சுதாம். இண்டைக்கு ஞாயிறு எண்டு நான் ரெக்ஸ்டேலுக்கு மாமி வீட்டை போய், மாமியின்ரை குசினியிலையே தேத்தண்ணி போட்டு நீட்டி, நான்தான் சொன்னனான் மச்சாள் எண்டு சொன்னன். பெத்த பிள்ளையை முன்னுக்கு விட்டிட்டு நீர் பின்னாலை ஒளிச்சு நிண்டனீரே எண்டு கேட்டா. மாமி தேத்தண்ணியைத் தொடேல்லை. ஆறினதை நானே குடிச்சுக் கோப்பையைக் கழுவி வைச்சிட்டு வெளிக்கிட, வாசலிலை வந்து, துர்க்காவின்ரை நம்பர் அந்தப் பழசுதானோ எண்டு கேட்டவ.

மாமி ரெலிபோன் எடுத்தால் முகத்தைத் திருப்பிப் போடாதை. என்னோடை கோவிக்கவேணுமெண்டால் கோவி, அது நியாயம். வைரவர் உன்னைக் காப்பார், உள்ளுக்கை வைச்ச திருநீறைச் சிந்தாமல் எடு, வேலைக்குப் போகேக்கை காதை மூடிக்கொண்டு போ. லண்டன் மட்டும் தேத்தண்ணி கொண்டுவர ஏலாது, இந்தக் கடுதாசியை ரெண்டு கையாலையும் நீட்டுறன்.

இப்படிக்கு
உன்ரை அம்மா
இராஜேஸ்வரி