ஓர் ஆணிக்கு மட்டும்

அம்மா,

நேற்றுக் குற்றாலத்து வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் வந்திருந்தார். சாரல் தொடங்குமுன் ஆண்டுதோறும் நடக்கும் வேலைதான். மாடியறை முழுவதும் சுண்ணாம்பின் ஈர வாடை. ஏணியில் நின்றபடியே அவர் கேட்டார்: "வக்கீலய்யா, வீடு பூரா ஒத்த ஆணிதான் கெடக்கு. இதையும் பிடுங்கிரட்டுமா?"

"வேண்டாம். அதை விட்டுச் சுற்றி அடியுங்கள்" என்றேன். அதற்குமேல் அந்த அறையில் நிற்க முடியவில்லை. நீங்கள் இறந்த செய்தி எனக்குக் கிடைத்து ஒரு வாரம்கூட ஆகவில்லை.

நீங்கள் முதன்முதலில் அந்த மாடிக்கு வாடகைக்கு வந்தபோது உங்களிடம் ஒரு பெட்டிதான் இருந்தது. பினாங்கில் ஜவுளி வியாபாரம் செய்த உங்கள் கணவர், சொந்த ஊரான தென்காசிக்கு உங்களை அழைத்துவந்த சில மாதங்களிலேயே காலமாகிவிட்டார். வாடகை ஒப்பந்தத்தை நான் வாசித்துக் காட்டினேன். 'சுவரில் ஆணி அடித்தல் கூடாது' என்னும் விதி வந்ததும் வாடகைக்கு வருபவர்கள் எல்லாரும் முகம் சுளிப்பார்கள். நீங்கள் ஒருவர்தாம் சிரித்தீர்கள்.

"நான் எந்த ஊருலயும் ஆணி அடிச்சதில்ல அண்ணாச்சி. அடிச்சா, பிடுங்க நேரம் இருக்காது."

பிறந்த நாட்டில், ஷாங்காயில் நீங்கள் வேலை பார்த்த பத்திரிகை அலுவலகத்துக்கு ஒருநாள் பூட்டுப் போட்டார்கள். ஆசிரியரைக் கொண்டுபோனவர்கள் திருப்பி அனுப்பவில்லை. நீங்கள் ஹாங்காங்குக்கும், அங்கிருந்து பினாங்குக்கும் போனீர்கள். இவற்றையெல்லாம் பிறர் கதைபோல, கணவரிடம் கற்ற தென்காசித் தமிழில் சொன்னீர்கள். நான் ஏட்டுத் தமிழில் கேட்பேன். நீங்கள் சந்தைத் தமிழில் பதில் சொல்வீர்கள். கேட்பவர்களுக்கு நம் இருவரில் யார் வெளியூர் என்று ஐயம் வந்திருக்கும்.

பினாங்கின் சீனப் பத்திரிகைக்கு வாரந்தோறும் இங்கிருந்து எழுதினீர்கள். அதற்காக ஒருமுறை புளியங்குடி எலுமிச்சைச் சந்தைக்கு உங்களுடன் வந்தேன். சாக்குமூட்டையில் அமர்ந்து நீங்கள் கேள்வி கேட்கத் தொடங்கியதும் தரகர் ஒருவர் கூவினார்: "ஏலே, சீனத்தம்மா வந்துட்டாவ. வெலைய மெல்லப் பேசுங்கலே, நாளைக்குப் பேப்பர்ல வந்துரும்!" "நாளைக்கு வராது, கப்பல்ல போய்ச் சேர ரெண்டு வாரம் ஆவும். நீங்க தைரியமா ஏமாத்துங்க" என்றீர்கள். சந்தையே சிரித்தது.

இந்நாட்டுக் குடியுரிமைக்கு உங்கள் பெயரில் மனுச் செய்தவன் நான். ஏற்கப்பட்ட அன்று, "இனி யாரும் உங்களை அசைக்க முடியாது. சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது" என்றேன். நீங்கள் நிருபராகவே என்னைத் திருத்தினீர்கள்: "என்னைக்கு இருக்குன்னு சொல்லணும் அண்ணாச்சி. தேதியில்லாம எழுதினா எங்க ஆசிரியர் கிழிச்சுப் போட்டுருவார். 'இன்னைக்கு இருக்கு'ன்னு சொல்லுங்க."

ஆயினும் அன்று மாலையே, "இப்ப ஒரு ஆணி அடிக்கலாமா?" என்று கேட்டீர்கள். ஒப்பந்தத்தை எடுத்து, ஆணி விதிக்குக் கீழே 'ஓர் ஆணிக்கு மட்டும் விலக்கு' என்று எழுதி இருவரும் கையொப்பமிட்டோம். பிறகு சுத்தியலை எடுத்து நானே அடித்துக் கொடுத்தேன். உங்கள் கணவரின் படத்தை மாட்டிவிட்டு நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

வடக்கெல்லையில் சீனாவுடன் போர் மூண்ட அந்த ஆண்டில், ஐப்பசி மழை கொட்டிய ஒரு காலையில் இன்ஸ்பெக்டர் வந்தார். உங்கள் குடியுரிமைச் சான்றை அவர்முன் வைத்தேன். அவர் அதைத் தொடவேயில்லை. "இது செல்லுபடியாவாது சார். பொறப்பு சீனான்னா வெளிநாட்டுக்காரங்கதான்னு புது உத்தரவு வந்திருக்கு" என்றார். உத்தரவை வாங்கி வாசித்தேன். மறுபடியும் வாசித்தேன். பிழையே இல்லை. முறைப்படி இயற்றி முறைப்படி கையொப்பமிட்டது. அரசு நேர்மையாக நடக்கும் என்று கல்லூரி நாள் முதல் நம்பியிருந்தவன் நான். உத்தரவை மடித்து அவரிடமே திருப்பிக் கொடுத்தேன்.

திகைத்தது நான்தான். நீங்களோ பெட்டியைக் கட்டிக்கொண்டே அவரைப் பேட்டி எடுத்தீர்கள். "எத்தனை பேரப் பிடிச்சிருக்கிய? பிள்ளையளும் உண்டா? எங்கன கொண்டுபோறிய?" பாதிக் கேள்விகளுக்குப் பதில் சொன்ன பிறகே அவர் விழித்துக்கொண்டு, "யம்மா, கேள்வி கேக்க வேண்டியது நாங்க" என்றார்.

படத்தைக் கழற்றிச் சேலையில் சுற்றினீர்கள். வாசற்படியில் என்னைத் திரும்பிப் பார்த்து, "ஆணி கெடக்கட்டும் அண்ணாச்சி. பிடுங்கினா சுவரு கெட்டுப்போவும்" என்றீர்கள். மழையில் ஜீப் தென்காசிச் சாலையில் திரும்பும்வரை நான் குடையை விரிக்காமலேயே நின்றிருக்கிறேன்.

நான் அனுப்பிய மனுக்களெல்லாம் திரும்பி வந்தன. வடக்கே பாலைவனத்து முகாமில் உங்களை அடைத்து, பிறகு அங்கிருந்து சீனாவுக்குக் கப்பலேற்றினார்கள் என்பதுவரைதான் எனக்குத் தெரியும். மீதியைப் போன வாரம் பினாங்கிலிருந்து வந்த உங்கள் கணவரின் தம்பி சொன்னார். உங்கள் பழைய பத்திரிகை நண்பர்கள் வழியே அவர் அறிந்தது அது. அங்கே இப்போது நடக்கும் கொந்தளிப்பில் இளைஞர் கூட்டமொன்று உங்களைத் தெருவில் நிறுத்தி, இந்தியாவுக்கு உளவு சொன்னவள் என்று விசாரித்ததாம். சாட்சியாக அவர்கள் தூக்கிக் காட்டியது, வேட்டி கட்டிய ஒருவரின் படத்தையாம். அதன்பின் நீங்கள் அதிக நாள் இருக்கவில்லை.

இங்கே சீனத்தி. அங்கே இந்தியாக்காரி. எந்தச் சட்டநூலைப் புரட்டி இதற்கு நான் விளக்கம் தேடுவது? நான் ஆணியடித்து மாட்டிய படம், அம்மா அது.

இன்று காலை தென்காசி அலுவலகத்துக்கு, ஆலங்குளத்திலிருந்து நிலவழக்குக்காக ஒருவர் வந்தார். பத்திரங்களைப் பார்த்து முடித்தேன். "சட்டம் நம்ம பக்கந்தானய்யா?" என்று கேட்டார். எல்லாம் சரியாகவே இருந்தன.

"இன்றைக்கு இருக்கிறது" என்றேன்.

அவர் விழித்தார். நான் தேதியையும் சேர்த்துச் சொன்னேன்.