கோவிந்தசாமிக்கு வந்த கார்

தை 20, ஞாயிறு. பாலி, ஹோட்டல் அறை.

விமானம் கடலுக்குள்ளேயே இறங்குகிறது என்று என் மனைவி கமலா கையைப் பிறாண்டியதுகூடப் பரவாயில்லை. வெளியே வந்தால், பெயர் அட்டை பிடித்த டிரைவர்கள் வரிசையில் செல்வம் என்ற என் பெயர் எங்குமே இல்லை. முக்கால் மணி நேரம் நின்று ஹோட்டல்காரனைத் தமிழிலேயே திட்டித் தீர்த்தேன். கூட்டம் கலைந்து ஒரே டிரைவர் மிஞ்சியதும் கமலா மெல்லச் சொன்னாள்: “ஏங்க, அந்த அட்டையில மாமா பேருல்ல இருக்கு?”

பாஸ்போர்ட்டில் கடைசிப் பெயர் கேட்ட இடத்தில் அப்பா பெயரை எழுதியவன் நான்தான். “வெல்கம், மிஸ்டர் கோவிந்தசாமி” என்று டிரைவர் கும்பிட்டான்.

மண்ணச்சநல்லூர் ரைஸ் மில், விட்டால் தென்னூர் வீடு என்று இருந்த மனுஷன், கடைசிவரை விமானமே ஏறவில்லை. இன்று அவருக்கு வந்த காரில் நான் ஓசியில் ஏறிக்கொண்டேன்.