புரட்டிய மீன்

14 ஆகஸ்ட் 1986, வியாழன் இரவு

மகள் பரீதா கோலாலம்பூரில் ஹலால் சீனச் சாப்பாட்டுக் கடைக்குக் கூட்டிப்போனாள். இஞ்சியும் சோயாவும் ஊற்றி ஆவியில் வேகவைத்த முழு மீன் வந்தது. மேல்பக்கம் தீர்ந்ததும் புரட்டிப் போட்டேன். கடைக்காரர், தமிழ் பேசும் வயதான சீன முஸ்லிம், ஓடி வந்தார்.

"ஐயோ ஆன்டி, மீன பெரட்டக் கூடாதுலா! கப்பல் கவுந்துடும். வீட்ல யாராச்சும் கடல்ல இருக்காங்களா?"

என் மகன் சலீம் கப்பலில்தான் வேலை செய்கிறான்.

"நீங்களும் தொழுவுறவங்கதானே, இதையெல்லாம் நம்பலாமா?" என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. மீதியைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார்.

கிள்ளானில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தும் தூக்கம் பிடிக்கவில்லை. எனக்கு நம்பிக்கை கிடையாது. இருந்தாலும் சற்றுமுன் அடுப்படிக்குப் போய், பொட்டலத்தைப் பிரித்து, மீனைப் பழையபடி திருப்பி வைத்தேன். கை நனைந்தது. விரலை நக்கிப் பார்த்தேன். இஞ்சி இல்லை, சோயா இல்லை. வெறும் கடல் தண்ணீர்.