தரைபடாத பிள்ளை

1988 ஜூன் 4
மதீனாவுக்குப் பதினாறு மாதம். இன்னும் நிற்கவில்லை. ஆஸ்பத்திரியில் குழாயில் கருவாக்கிப் பிறந்தவள் என்பதால் தாராவியில் ஆளுக்கொரு பேச்சு. மாவுமில்லில் ஒருத்தி, "அந்த மாதிரிப் பிள்ளைங்களுக்கு எலும்பு பிடிக்காதாம்லா" என்றாளாம். "டாக்டருக்குத் தெரியாதது ஒங்களுக்கு எப்படிக்கா தெரிஞ்சிச்சு?" என்று கேட்டுவிட்டு வந்திருக்கிறாள் சைனப். என் பெண்டாட்டிக்கு இந்த வாய் எப்போது வந்தது?

ஜூன் 9
நாளை டாக்டரம்மாவிடம் போக வேண்டும். இப்படிப் பிறந்த பிள்ளைகளை ஆறு மாதத்துக்கொரு தடவை பார்த்து எடை, பேச்சு, நடை எல்லாம் எழுதி வைக்கிறார். பள்ளிக்கூடம் போகும்வரை எழுதுவாராம். போன தடவை, "தவழ்கிறாளா?" என்று கேட்டார். வீடு முழுக்கத் தவழ்கிறாள் என்று அளந்துவிட்டேன். என் பிள்ளையைக் குறைப்பிள்ளை என்று எழுதிவிட்டால்?

ஜூன் 10
"பிடித்துக்கொண்டு நடக்கிறாள்" என்று ஆரம்பித்தேன். சைனப் தன் ஓட்டை இந்தியில் குறுக்கே விழுந்தாள். "சப் ஜூட் ஹை, டாக்டர்!" போன தடவை சொன்னதும் பொய்யாம். மானம் கப்பலேறியது.

டாக்டரம்மா கோபப்படவில்லை. காலை மடக்கி நீட்டிப் பார்த்தார். எலும்பும் நரம்பும் நன்றாக இருக்கின்றன. "தரையில் எவ்வளவு நேரம் விடுகிறீர்கள்?"

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். விட்டதே இல்லை! பெல்ட் பட்டறைக்குள்தான் வீடு - கீழெல்லாம் ஆணி. பட்டறை ஆட்களில் ஹனீப் இடுப்பிலிருந்து ஷாகுல் இடுப்புக்கு, அங்கிருந்து என்னிடம். கல்யாணமாகிப் பத்து வருடம் கழித்து வந்த பிள்ளையை எவன் கீழே விடுவான்?

வெளியே வந்து சைனபிடம் சத்தம் போட்டேன். "நாம மறைச்சா, இப்படிப் பிள்ளை வேணும்னு அடுத்து வாற பொம்பளைக்கு யாரு உண்மையச் சொல்லுவா?" என்றாள். எவ்வளவு பெரிய மனசு இவளுக்கு.

ஜூன் 12
வேலையை நிறுத்திவிட்டுக் காந்தத்தால் ஆணி பொறுக்கினோம். ஒரு டப்பா நிறைய.

ஜூன் 13
இறக்கிவிட்டோம். ஒரே அழுகை. யாரும் தூக்கக் கூடாதென்று சைனப் உத்தரவு. ஹனீப் தாங்க முடியாமல் வெளியே போய்விட்டான்.

ஜூலை 2
நின்றாள். விழுந்தாள். நெற்றி வீங்கிவிட்டது. நான் ஓடினேன். சைனப் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

ஆகஸ்ட் 7
காலையில் பிள்ளையைக் காணோம். யார் இடுப்பிலும் இல்லை. பட்டறையே கிடந்து அலறியது. நாலு வீடு தள்ளி, மழைச்சேற்றில் வெறுங்காலோடு நின்று ஒரு ஆட்டின் காதை இழுத்துக்கொண்டிருந்தாள். தானே நடந்து போயிருக்கிறாள். சைனப் திட்டிக்கொண்டே அழுதாள். நானும்தான்.

நாளைக்கே வாசலில் தடுப்புப் பலகை அடிக்க வேண்டும்.