கதவுக்கு இந்தப் பக்கம்

மகளே,

இன்று வேலைக்குப் போகும் வழியில், தாராவிச் சந்தில் யாரோ பிளாஸ்டிக்கைச் சூடாக்கிக்கொண்டிருந்தார்கள். அந்த வாசனையில் கால் நின்றுவிட்டது. கதிர்வீச்சுக்காக உன் முகத்துக்கு முகமூடி செய்த அன்றும் இதே வாசனைதான்.

முதலில் வெறும் இருமல். டி.பி. என்று மருந்து கொடுத்தார்கள், கேட்கவில்லை. பிறகுதான் நுரையீரலில் கட்டி என்று தெரிந்தது. பிள்ளைகளுக்கு அபூர்வமாக வரும் புற்றுநோய். அறுவை செய்தார்கள், கீமோ ஏற்றினார்கள். முடி திரும்ப முளைத்தது. பள்ளிக்கூடம் போனாய். உன் அம்மா சந்து முழுக்கக் கேசரி கொடுத்தாள்.

ஒரு காலை, சீப்பை எடுக்க நீட்டிய உன் கை அதைத் தாண்டிப் போனது. மறுபடியும் தாண்டியது. நீ சிரித்தாய். என்னால் முடியவில்லை.

மாட்டுங்காத் தமிழரான டாக்டர் தமிழிலேயே சொன்னார்: "மூளைக்குப் பரவிடுத்து. நரம்புல ஏத்தற மருந்து அங்க சரியாப் போய்ச் சேராது. ரேடியேஷன் குடுத்துப் பாக்கலாம்."

"கொணமாயிருமா சார்?"

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எப்பா, நீயும் உள்ள வாரியா?" என்று ரேடியேஷன் அறை வாசலில் கேட்டாய்.

"யாரையும் விடமாட்டாவட்டி. நான் வாசல்லயே நிக்கேன்."

கனத்த கதவு மூடியது. திரையில் நீ தெரிந்தாய், வலை முகமூடியைப் பலகையோடு பூட்டியிருக்க, அசையாமல். எந்திரம் இயக்கும் பெண் மைக்கை என் பக்கம் தள்ளி, "போலோ பப்பா" என்று பேசச் சொன்னாள். என்ன பேசுவது? உனக்குப் பிடித்த ஹார்பர் லைன் ரயில் ஸ்டேஷன்களை வரிசையாகச் சொன்னேன். "குர்லா, செம்பூர், கோவண்டி..."

வெளியே வந்ததும் கேட்டாய்: "எப்பா, திலக் நகர எங்க விட்ட?"

கொஞ்ச காலம் தலைவலி தணிந்திருந்தது. பிறகு வார்த்தைகள் ஒவ்வொன்றாக உன்னைவிட்டுப் போயின. தண்ணீரை மழை என்றாய். அம்மாவை டீச்சர் என்றாய். கடைசியில் பேச்சே இல்லை. வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொன்னார்கள். வலிக்கு மட்டும் மருந்து. அம்மா உன்னை மடியில் போட்டுத் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள். நான் விசிறினேன். எனக்கு வேறென்ன தெரியும்? மழை விட்டிருந்த ஒரு மத்தியானம் நீ போய்விட்டாய்.

பொம்மையின் கழன்ற கையை, சைக்கிள் செயினை, எல்லாவற்றையும் மாட்டித் தந்தவன் நான். பேச்சு போன பிறகும் நீ அதே நம்பிக்கையோடுதான் என்னைப் பார்த்தாய். கடைசிவரை அப்படித்தான் பார்த்தாய். அந்தப் பார்வை என்னிடம் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

அப்பா